வெளுத்துப்போன சந்தனக் கன்றைத் தேற்றியது எப்படி

நாற்றுப்பையிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகு என் சந்தனக் கன்று அப்படியே நின்றுவிட்டது. இலைகள் வெளுத்து மஞ்சளாகின, புதுக் கொழுந்து ஒன்றுகூட இல்லை. தொழுவுரம் வைத்தேன், இரும்புச்சத்துக் கரைசல் தெளித்தேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் ஓரத்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். அங்கேதான் விடை இருந்தது. மெல்லிய வேர்களில் ஆங்காங்கே வெளிறிய, மணி வடிவக் குட்டி முடிச்சுகள். நோயோ, நூற்புழுவோ என்று தோன்றும், இரண்டுமில்லை. சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருந்து உணவு தயாரித்தாலும், பக்கத்துச் செடியின் வேரில் இந்த முடிச்சுகளை, அதாவது உறிஞ்சு வேர்களை, பதித்து நீரும் சத்தும் எடுக்கும். இங்கே பற்ற எதுவுமில்லை. ஒன்றிரண்டு முடிச்சுகள் தன் வேரையே பிடித்திருந்தன.

சரி, கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஊன்றி, எதிர்ப்பக்கம் துவரை விதைத்தேன். வேறு உரம் எதுவும் போடவில்லை. பொன்னாங்கண்ணி நன்றாகப் படர்ந்த பிறகு கொழுந்து வந்தது, அதுவும் கரும்பச்சையாக. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துணைச்செடி கன்றை மூடினால் நுனியை மட்டும் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். நிலத்தில் நடும்போது சவுக்கு போன்ற நீண்டகாலத் துணை வேண்டும்; துவரை அதுவரைதான் தாங்கும்.