திறந்த காலநிலைத் தரவு: இறக்குவது முதல் சரிபார்ப்பது வரை

புவி, காலநிலை, நீர், வளிமண்டலம் பற்றிய அறிவியல் தரவுகளில் பெரும்பகுதி இன்று காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு கணக்குத் தொடங்கி நான்கு பெட்டிகளில் டிக் போட்டால் கோப்பு வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கோப்பு திறக்கும், வரைபடம் வரும், நிறங்களும் நம்பும்படியே இருக்கும், ஆனால் எண் பல மடங்கு தப்பாக இருக்கும். எந்த மென்பொருளும் அதைச் சுட்டிக்காட்டாது. அதனால் டவுன்லோட் செய்யும் வழியைச் சுருக்கமாகவும், எண்களைச் சரிபார்க்கும் வழியை விரிவாகவும் பார்க்கலாம்.

எந்தத் தரவு, எந்தக் கேள்விக்கு

மழைத் தரவு என்று தேடினால், பெயரில் ஒன்றாகவும் தன்மையில் வேறாகவும் உள்ள பலவகைத் தரவுகள் கிடைக்கும். மழைமானி நேரடியாக அளந்தது ஒரு வகை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா தரும் ஜிஹெச்சிஎன் டெய்லி இதில் சேரும். செயற்கைக்கோள்களைக் கொண்டு மதிப்பிட்டது இன்னொரு வகை. நாசாவின் ஐமெர்க், வரைபடத்தை 0.1 டிகிரி அகலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்கு ஒரு மதிப்பு தருகிறது. அடுத்தது ரீஅனாலிசிஸ்: வானிலை மாடலை ஓட்டி, கிடைத்த அவதானிப்புகளையெல்லாம் அதில் சேர்த்துப் பழைய வானிலையை மீட்டு எழுதுவது. ஐரோப்பிய மையமான ஈசிஎம்டபிள்யூஎஃப் உருவாக்கிய ஈஆர்ஏ5 இந்த வகை. 1940 முதல் மணிக்கு மணி, 0.25 டிகிரி கட்டத்தில் உலகம் முழுவதற்கும் கிடைக்கிறது. நிலப்பகுதிக்கு மட்டும் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஈஆர்ஏ5-லேண்ட் இருக்கிறது: 0.1 டிகிரி, 1950 முதல். செயற்கைக்கோளையும் மழைமானியையும் கலந்து தயாரித்த சிர்ப்ஸ், 1981 முதல் 0.05 டிகிரியில் நாள் மழையைத் தருகிறது.

தேர்வு செய்ய ஒரே கேள்வி போதும்: உங்களுக்கு வேண்டியது ஒரு புள்ளியின் மதிப்பா, ஒரு பரப்பின் சராசரியா? ஈஆர்ஏ5-இன் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 கி.மீ. அகலம். அதன் ஒரு மூலையில் மட்டும் கொட்டிய பெருமழை கட்டம் முழுக்கப் பரவிச் சாதாரண மழையாகத் தெரியும். ஓரிடத்தின் உச்ச மழையைத் தேடுபவர் ரீஅனாலிசிஸை நம்பக் கூடாது. பெரிய வடிநிலத்தின் பல பத்தாண்டு மாதச் சராசரிக்கு அதுவே வசதி. அப்போதும் 1979-க்கு முந்தைய ஆண்டுகளில் செயற்கைக்கோள் அவதானிப்பு மிகக் குறைவு என்பதை மனதில் வையுங்கள். தென் அரைக்கோளக் கடல்களில் அந்தக் காலத்தையும் இன்றையதையும் ஒட்டிப் போக்கு வரைந்தால், மாறியது காலநிலையா அவதானிப்பா என்று பிரிக்க முடியாது.

இறக்கும் முன் அளவைக் கணக்கிடுங்கள்

ஈஆர்ஏ5-இன் முழு உலகக் கட்டம் 721 × 1440, அதாவது 10,38,240 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு மாறிக்கு (வெப்பநிலை, மழை போன்ற ஓர் அளவுக்கு) மணிக்கு சுமார் 4 எம்பி, ஆண்டுக்கு 36 ஜிபி. அதையே 10 × 10 டிகிரிச் சதுரமாக வெட்டினால் 41 × 41 புள்ளிகள்தான். ஓர் ஆண்டுக்கு 60 எம்பிக்குள் முடிந்துவிடும். எனவே வெட்டும் வேலையைச் சர்வரிடமே விடுங்கள். ஈஆர்ஏ5-ஐ வழங்கும் கோப்பர்நிக்கஸ் தளத்தில் எல்லையைக் கொடுக்கும் வரிசை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. வழக்கமான மேற்கு-தெற்கு வரிசையில் கொடுத்தால் கோரிக்கை தோற்கும், அல்லது வேறு இடத்தின் தரவு வரும். முதல் கோரிக்கையை ஒரே நாளுக்கு மட்டும் அனுப்புங்கள். அது சரியாக வந்தபின் ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ பிரித்து அனுப்புங்கள். பெரிய கோரிக்கை வரிசையில் நெடுநேரம் காத்திருக்கும், சின்னவை சீக்கிரம் நகரும். ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் உரிமத்தையும் ஒருமுறை தளத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதிக் கேட்கும்போது பிழைதான் வரும்.

வெப்பநிலை போன்ற கண நேர மாறியையும் மழை போன்ற கூட்டு மாறியையும் சேர்த்து நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்பு வடிவில் கேட்டால், ஒரே கோப்புக்குப் பதில் ஜிப் வரலாம். திறக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

நாசா தரவுக்கு எர்த்டேட்டா கணக்கு வேண்டும். கணக்கு மட்டும் போதாது: அதன் அமைப்புகளுக்குள் போய், தரவை வழங்கும் மையத்தின் செயலிக்கும் அனுமதி தர வேண்டும். இதை விட்டுவிட்டால், கோப்பின் பெயர் சரியாக இருக்க உள்ளே லாகின் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கும். “கோப்பு வடிவம் தெரியவில்லை” என்று பிழை வந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள். சில கேபி மட்டுமே இருந்தால் காரணம் இதுதான்.

வரைபடத்துக்கு முன் ஹெட்டர்

என்சிடம்ப் கட்டளையால் கோப்பின் ஹெட்டரை, அதாவது தரவை விவரிக்கும் முன்பகுதியை மட்டும் பாருங்கள். கட்டளை பழக்கமில்லாதவர்களுக்கு நாசாவின் பனோப்ளி என்ற இலவச மென்பொருள் போதும். பார்க்க வேண்டியவை: அலகு, பரிமாணங்களின் வரிசை, அட்சரேகை ஏறுகிறதா இறங்குகிறதா, தீர்க்கரேகை 0 முதல் 360 வரையா −180 முதல் 180 வரையா, விடுபட்ட மதிப்புக்கு என்ன குறி, காலக்கணக்கு எது.

ஈஆர்ஏ5-இல் அட்சரேகை 90-இல் தொடங்கி −90-க்கு இறங்குகிறது. பைத்தான் மொழியின் எக்ஸ்அரே நூலகத்தில் 10 முதல் 20 வரை என்று வெட்டினால் பிழைச் செய்தி இல்லாமல் வெற்றுத் தரவு கிடைக்கும். 20 முதல் 10 வரை என்று கேட்க வேண்டும். உலகளாவிய கோப்பில் தீர்க்கரேகை 0 முதல் ஓடுவதால், மேற்கு 70 டிகிரியை 290 என்று தேட வேண்டும். ஐமெர்க்கில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பிறகும் வரும். கவனிக்காமல் வரைந்தால் உலகம் பக்கவாட்டில் படுத்துவிடும். இது கண்ணில் பட்டுவிடும் தவறு, அந்த வகையில் நல்லது.

விடுபட்ட மதிப்புகள் அப்படியல்ல. ஜிஹெச்சிஎன், சிர்ப்ஸ் இரண்டிலும் −9999 என்று குறிப்பார்கள். அதை அப்படியே சேர்த்தால் சராசரி எதிர்ம எண்ணாகும், உடனே பிடிபடும். அதைத் தவிர்க்க அந்த இடத்தில் 0 போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. மழைமானி பழுதான மாதம் வறண்ட மாதமாக மாறி, யாருக்கும் தெரியாமல் ஆய்வுக்குள் போய்விடும். விடுபட்டதை விடுபட்டதாகவே வைத்து, ஒரு மாதத்தில் எத்தனை நாள் தரவு உண்டு என்ற எண்ணிக்கையைப் பக்கத்தில் இன்னொரு பத்தியாக வையுங்கள். ஜிஹெச்சிஎன்-இல் மழை மி.மீ.யின் பத்தில் ஒரு பங்காகவும், வெப்பம் செல்சியஸின் பத்தில் ஒரு பங்காகவும் எழுதப்பட்டிருக்கும். 254 என்றால் 25.4. தரக் குறியீட்டுப் பத்தி காலியாக இல்லாத மதிப்பு ஏதோ ஒரு சோதனையில் தோற்றது, அதை ஒதுக்குங்கள்.

மழை அலகு: அதிகம் தப்பும் இடம்

ஈஆர்ஏ5-இல் மழை மீட்டரில் இருக்கும், 1000-ஆல் பெருக்கினால் மி.மீ. ஒவ்வொரு மதிப்பும் அந்த நேரக்குறிக்கு முந்தைய ஒரு மணி நேர மழை. ஆகவே ஒரு நாளின் மழைக்கு 01 மணி முதல் மறுநாள் 00 மணி வரை 24 மதிப்புகளைக் கூட்ட வேண்டும்.

ஈஆர்ஏ5-லேண்ட் வேறு மாதிரி. அங்கே மழை நாளின் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே போகும். 01 மணிக்கு 0.002, 02 மணிக்கு 0.005, 03 மணிக்கு 0.005, அதன்பின் மழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் 00 மணி வரை 0.005 என்றே நிற்கும். அன்றைய மழை 5 மி.மீ. இந்த 24 எண்களையும் கூட்டினால் 117 மி.மீ. என்று வரும். சரியான வழி, மறுநாள் 00 மணியின் ஒரே மதிப்பை எடுத்து முந்தைய தேதிக்கு எழுதுவது. மணிவாரியாக வேண்டுமானால் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம். 01 மணி மதிப்பை மட்டும் கழிக்காமல் அப்படியே விடுங்கள்.

மாதச் சராசரித் தொகுப்பில் இன்னொரு பொறி: அலகு மீட்டர் என்று தெரிந்தாலும் அது ஒரு நாளுக்கான சராசரி. மாத மொத்தத்துக்கு அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். ஐமெர்க்கின் அரை மணி மதிப்பு மி.மீ./மணி என்ற வீதம். கூட்டும்போது பாதியாக்க மறந்தால் மழை இரட்டிப்பாகும்.

நேரமெல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரம். மழைமானி நாள் பல நாடுகளில் காலையிலிருந்து மறுநாள் காலை வரை. இரண்டையும் தேதி பார்த்து நேரடியாக ஒப்பிட்டால் தரவு மோசம் போலத் தோன்றும். மணித் தரவை மழைமானியின் நாளுக்கு ஏற்ப நகர்த்திக் கூட்டினால் பொருத்தம் கூடும்.

நிலத்தடி நீரும் செயற்கைக்கோள் படமும்

நிலத்தில் சேர்ந்துள்ள மொத்த நீரின் மாற்றத்துக்கு, புவியீர்ப்பு மாற்றத்தை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள் இணையின் தரவு. 2002 முதல் 2017 வரை முதல் இணை, 2018 முதல் கிரேஸ்-எஃப்ஓ. இடையில் ஏறத்தாழ ஓராண்டு வெற்றிடம். அதைக் கோடிழுத்து நிரப்பாதீர்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தரும் மாஸ்கான் கோப்பு (புவிப்பரப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் நிறை மாற்றத்தைக் கணக்கிட்டது) 0.5 டிகிரிக் கட்டத்தில் இருந்தாலும் உண்மையான அலகு 3 டிகிரி. ஒரு சிறிய மாவட்டத்தின் நிலத்தடி நீரை இதிலிருந்து படிக்க முடியாது. எண்கள் 2004–2009 சராசரியிலிருந்து விலகல், நீரின் உயரமாக சென்டிமீட்டரில். அதில் மண் ஈரம், பனி, ஏரி நீர் எல்லாம் கலந்திருக்கும். நிலத்தடி நீர் மட்டும் வேண்டுமென்றால் மற்றவற்றை வேறு தரவிலிருந்து கழிக்க வேண்டும், அவற்றின் பிழையும் கூடவே வந்து சேரும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 2022 ஜனவரி 25 முதல் எண்களோடு 1000 கூட்டித் தருகிறார்கள். சிவப்பு 1400, அகச்சிவப்பு 4000 என்ற பிக்சலுக்கு அப்படியே தாவரக் குறியீடு (இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது, பசுமையின் அளவு) கணக்கிட்டால் 0.48. 1000-ஐக் கழித்தபின் 400, 3000, குறியீடு 0.76. கழிக்காதவர்களின் வரைபடத்தில் அந்தத் தேதியில் காடே வாடிவிடும். சில தளங்கள் இதைத் தாங்களே சரிசெய்து தருகின்றன. அங்கே மறுபடி கழிக்காமலிருக்கத் தொகுப்பின் விவரக்குறிப்பைப் படியுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

கட்டங்களைச் சராசரியாக்கும்போது ஒவ்வொன்றையும் அட்சரேகையின் கோசைனால் எடையிடுங்கள். 60 டிகிரியில் உள்ள கட்டம் நடுக்கோட்டுக் கட்டத்தில் பாதிப் பரப்புதான். உலக ஆண்டுச் சராசரி வெப்பம் 287–288 கெல்வின் வர வேண்டும். எடையிடாவிட்டால் துருவங்கள் இழுத்துப் பல டிகிரி குறைவாகக் காட்டும். உலகச் சராசரி மழை ஆண்டுக்கு 1000 மி.மீ. அளவில் இருக்கும். 100 அல்லது 24,000 என்று வந்தால் தவறு அலகில் அல்லது கூட்டலில். இந்த இரண்டையும் முழு உலகத் தரவின் மாதத் தொகுப்பில் சில நிமிடங்களில் சோதிக்கலாம். பிறகு உங்கள் பகுதிக்குள் ஒரு நல்ல மழைமானியை எடுத்து, நாளுக்கு நாள் பொருத்தாமல், மாத மொத்தங்களை ஒப்பிடுங்கள்.

ஈஆர்ஏ5-இன் அண்மைத் தரவு சுமார் 5 நாள் தாமதத்தில் தற்காலிகப் பதிப்பாக வரும். சில மாதங்களில் இறுதிப் பதிப்பு அதன் இடத்தைப் பிடிக்கும். ஐமெர்க்கும் அப்படித்தான்: சில மணி நேரத்தில் வரும் எர்லி, மாதங்கள் கழித்து மழைமானியோடு திருத்தி வரும் ஃபைனல். ஆய்வுக்கு ஃபைனல், வெள்ள எச்சரிக்கைக்கு எர்லி. இரண்டையும் ஒரே தொடரில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் ஓர் உரைக் கோப்பு வைத்து, தொகுப்பின் பெயர், பதிப்பு எண், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண், இறக்கிய தேதி, கேட்ட எல்லை, மாறிகள், உரிமம் ஆகியவற்றை எழுதுங்கள். கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் கொடுக்கப்பட்டிருந்தால் ஒப்பிட்டு அதையும் குறியுங்கள். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, அலகு மாற்றமெல்லாம் நகலில் செய்யுங்கள்.