ஸ்டீல்ஹெட் தொட்டதும் தூண்டில் கம்பைத் தூக்காதீர்கள்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓடும் டெஷூட்ஸ் ஆற்றில், கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பும் ட்ரவுட் வகை மீனான ஸ்டீல்ஹெட் ஏறி வரும். முட்டையிட வருகிற மீன், இரை தேடி அலையாது. அதன் முகத்துக்கு நேரே ஃப்ளை, அதாவது இறகும் நூலும் கட்டிய செயற்கை இரைமுள், மெதுவாகக் கடந்து போக வேண்டும்.

கரையோரம் நின்று, நீரோட்டத்துக்குக் குறுக்கே, ஆறு ஓடும் பக்கமாக 45 டிகிரி சாய்வில் வீசுங்கள். ஃப்ளை விழுந்ததுமே மிதக்கும் கயிற்றை ஒருமுறை நீர் வரும் பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். இதை மறந்தால் நடு ஆற்றின் வேகம் கயிற்றை வில்லாக வளைத்து, ஃப்ளையை விர்ரென்று இழுத்துப் போய்விடும். பிறகு கம்பின் நுனியைத் தாழ்த்தி, ஃப்ளை கரைப்பக்கம் வந்து நிற்கும்வரை காத்திருங்கள். இரண்டு எட்டு கீழே இறங்கி அடுத்த வீச்சு.

'டக்' என்று ஒரு தட்டு தெரியும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வெடுக்கென்று தூக்கினால் ஃப்ளை வாயிலிருந்து வெளியே வந்துவிடும். மீன் திரும்பட்டும், ரீலிலிருந்து கயிறு ஓடட்டும். முள் வாயோரத்தில் தானே ஏறும். அப்போது கம்பைக் கரைப்பக்கம் சாய்த்தால் போதும்.

முதுகில் வாலுக்கு முன்னால் சின்னக் கொழுப்புத் துடுப்பு முழுசாக இருந்தால், அது பண்ணையில் வளர்த்துத் துடுப்பை வெட்டி விட்ட மீன் அல்ல, இயற்கையாகப் பிறந்தது; தண்ணீரை விட்டு எடுக்காமலே விட்டுவிடுங்கள். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாளில் தூண்டிலே போட வேண்டாம். விடுவித்த மீனும் பிழைப்பது கடினம்.