தம்பியின் குறிப்பேடு

லாரி மோதித் தம்பி இறந்த இரண்டாம் வாரமே இன்சூரன்ஸ் ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் காசோலை, கூடவே ஒரு தாள். தம்பி மனைவி பேனாவை எடுத்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி கடைசிப் பத்தியில் இருந்தது.

அன்று மாலையே வழக்கறிஞரைப் பார்த்தோம். போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க நினைத்தது எங்கள் தவறு. இழப்பீட்டு வழக்கு தனி. அதற்கான காலக்கெடு அதுபாட்டுக்கு ஓடும். குற்ற வழக்கில் தேவைப்படும் அளவு நிரூபணமும் இதற்கு வேண்டாம். அவர் செய்த முதல் வேலை, சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று எதிர்த்தரப்புக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடுமாம். ஒரு கடையில் மட்டும் மிஞ்சியிருந்தது.

பெரிய சிக்கல் வருமானம். தம்பிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, எல்லாம் ரொக்கம். அலமாரியில் தேடியபோது அவன் அன்றாடம் கூலி எழுதிவைத்த குறிப்பேடு கிடைத்தது. அதை வங்கிக் கணக்கோடு பொருத்தி, வேலை கொடுத்தவர்களிடமும் எழுதி வாங்கினோம். குடும்பம் இழந்த ஆதரவை அவன் வயது, வருமானம், அவனை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வயதான அம்மாவையும் மனுவில் சேர்க்கச் சொன்னார் வழக்கறிஞர். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

வழக்கறிஞர் கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமரசத் தொகை வந்தபோது தம்பி மகளின் பங்கைத் தனியாக அவள் பெயரிலேயே போட்டோம்.