தயிர் பாக்டீரியாவைக் கண்ணால் பார்க்க: கிராம் சாயமேற்றும் முறை

பாக்டீரியாவைப் படிக்கத் தொடங்குபவர்களுக்குத் தயிரைவிட நல்ல மாதிரி இல்லை. நோய் பயம் கிடையாது; உருண்டை, கோல் என்ற இரண்டு அடிப்படை வடிவங்களும் பெரும்பாலும் ஒரே துளியில் கிடைத்துவிடும். ஆனால் இந்த செல்கள் நிறமற்றவை, அகலம் சுமார் 1 மைக்ரோமீட்டர்தான். சாயமேற்றாமல் வைத்தால் அநேகமாக எதுவும் பிடிபடாது. 1884-இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறைதான் இதற்கு இன்றும் கைகொடுக்கிறது.

தேவையானவை: 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் உள்ள நுண்ணோக்கி, அதற்கான எண்ணெய், சிலைடு, ஸ்பிரிட் விளக்கு, கிரிஸ்டல் வயலட் (ஊதாச் சாயம்), கிராம் அயோடின் (இம்முறைக்கான அயோடின் கரைசல்), 95% எத்தனால், சஃப்ரனின் (சிவப்புச் சாயம்), கையுறை.

1. சிலைடில் ஒரு துளி தண்ணீர் விட்டு, குண்டூசித் தலை அளவு தயிரைக் கலந்து மெல்லிய படலமாகப் பரப்புங்கள். அடியில் வைத்த அச்செழுத்து படலத்தின் வழியே தெளிவாகத் தெரிய வேண்டும். தொடக்கக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: தடித்த படலத்தில் சாயம் சீராக ஏறாது, சீராக இறங்கவும் செய்யாது. கொழுப்பு நீக்கிய பாலில் உறை ஊற்றிய தயிர் நல்லது. கொழுப்புத் துளிகள் வெற்று வட்டங்களாக நின்று குழப்பும்.

2. அதே சிலைடின் மறுமுனையில் பல் ஈறோரம் சுரண்டிய அழுக்கை இதேபோலப் பரப்புங்கள். இது எதற்கு என்பது கடைசியில் புரியும்.

3. காற்றில் முழுதாக உலரட்டும். பிறகு படலம் மேலே இருக்க, சுடரின் மீது மூன்று முறை விரைவாகக் கடத்துங்கள். சிலைடின் அடிப்புறம் புறங்கையில் தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும். மிஞ்சினால் செல்கள் உருக்குலையும். விளக்கை இப்போதே அணைத்துவிடுங்கள், அடுத்து எத்தனால் வருகிறது.

4. கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுங்கள். அயோடின் 1 நிமிடம், கழுவுங்கள். சாயமும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகின்றன.

5. சிலைடைச் சாய்த்துப் பிடித்து எத்தனாலைத் துளித்துளியாக விடுங்கள். வழிவதில் ஊதா நின்றதும் (10 முதல் 15 விநாடி) உடனே தண்ணீரில் கழுவுங்கள். தடித்த பெப்டிடோகிளைக்கான் (பாக்டீரியாவின் செல் சுவரை ஆக்கும் வலைபோன்ற பொருள்) சுவர் எத்தனாலில் நீரிழந்து இறுகி, சாயத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். அது கிராம் பாசிட்டிவ். சுவர் மெல்லியதாக, அதன் மேல் கொழுப்புச் சவ்வு போர்த்திய கிராம் நெகட்டிவ் செல்களில் எத்தனால் சவ்வைக் கரைத்துவிடுவதால் சாயம் வெளியேறும். எத்தனாலை அதிக நேரம் விட்டால் பாசிட்டிவ் செல்லும் வெளுத்துவிடும்.

6. சஃப்ரனின் 1 நிமிடம்; ஊதாவை இழந்த செல்கள் இதில் இளஞ்சிவப்பாகும். கழுவி, தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

முதலில் 10 மடங்கு லென்ஸில் குவித்து, பிறகு ஒரு துளி எண்ணெய் விட்டு 100-க்குப் போங்கள். தயிர்ப் பக்கத்தில் ஊதாக் கோல்கள் லாக்டோபேசிலஸாக இருக்கலாம். இணையாகவும் சங்கிலியாகவும் நிற்கும் ஊதா உருண்டைகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையினவாக இருக்கலாம். வடிவத்தை வைத்து இனத்தை உறுதிசெய்ய முடியாது. பின்னணியின் இளஞ்சிவப்புத் திட்டுகள் பால் புரதம்.

தயிர்ப் பக்கத்தில் எல்லாமே இளஞ்சிவப்பா? பல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஊதா, சிவப்பு இரண்டும் கலந்திருந்தால் உங்கள் செய்முறை சரி. தயிர் பழசாகி, செத்த செல்கள் ஊதாவை இழந்திருக்கும். அங்கேயும் ஊதாவே இல்லையென்றால் எத்தனால் அதிகம். வாய்த்தோல் செல்களின் உட்கருகூட ஊதாவாக இருந்தால் எத்தனால் போதவில்லை.

முடித்ததும் எண்ணெய் லென்ஸை லென்ஸ் தாளால் மட்டும் துடையுங்கள். எண்ணெய் பட்ட சிலைடில் 40 மடங்கு லென்ஸைத் திருப்பாதீர்கள், அதில் எண்ணெய் ஒட்டிக் காட்சி மங்கிவிடும்.