சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பைக்

காலையில் ஒரே உதையில் கிளம்பும் கார்புரேட்டர் பைக், சிறிது தூரம் ஓடி நின்றபின் அடம்பிடித்தால், தயவுசெய்து சோக்கை இழுக்காதீர்கள். சூடான எஞ்சினுக்கு அது பெட்ரோலை மேலும் கொட்டி நிலைமையைக் கெடுத்துவிடும். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கை சுடாதபடி துணியைப் பிடித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை பெட்ரோலில் நனைந்து கருத்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிட்டது; துடைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகியபடி சில முறை உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். முனை காய்ந்திருந்து பொறியும் வராமல், ஆறியபின் மட்டும் பொறி திரும்புமானால், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையோ, பொறி விழ வேண்டிய நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயிலையோ சந்தேகிக்கலாம்.

பலர் கவனிக்கத் தவறுவது வால்வு இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடப்படும் சிறு இடைவெளியைத்தான். அது குறைந்திருந்தால், வெப்பத்தில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுமையாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அழுத்தம்) கசிந்துவிடும். உதைக்கும்போது கிக்கர் வழக்கத்தைவிட இலகுவாக இறங்குவதைக் காலிலேயே உணரலாம். இதை எஞ்சின் நன்றாக ஆறியபின், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்தே சரிசெய்ய வேண்டும்.