பல் எக்ஸ்ரேயில் வயது பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பல்லடம் பக்கத்து நூற்பாலையிலோ சிறுவர்கள் வேலை செய்கிறார்களா என்று அதிகாரிகள் ஆய்வுக்குப் போகிறார்கள். வடக்கிலிருந்து வந்த பையன் ஒருவன் தனக்கு 18 முடிந்துவிட்டது என்கிறான். பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. ஓ.பி.ஜி. (இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே) எடுக்கக் கூட்டி வருபவர் நமக்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "கடவாப்பல்லே வந்துருச்சுங்க டாக்டர், 18 ஆயிருக்குமுங்களே?"

முதல் சறுக்கல் இதுதான். அவர் சொல்லும் கடைசிக் கடவாப்பல், அதாவது ஞானப்பல், வெளியே வருவதற்குத் தாடையில் இடம் வேண்டும். இடம் இருந்தால் 18க்கு முன்பே எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் 30 வயதிலும் எலும்புக்குள் படுத்துக் கிடக்கும். சிலருக்கு அந்தப் பல் உருவாவதே இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது வேர் நுனியை. நுனியின் திறப்பை அளந்து பல்லின் நீளத்தால் வகுத்து, விடை 0.08க்குக் கீழே வந்தால் 18 கடந்தவராகக் கொள்ளலாம் என்று இத்தாலியின் கமேரியேரே குழு 2008இல் சொன்னது. கைக்கு வசதியான அளவுதான். ஆனால் 17இலேயே அதைத் தொட்டுவிடுகிறவர்களும் உண்டு, 20இலும் தொடாதவர்களும் உண்டு.

அடுத்தது, பல் வளர்ச்சியை வயதாக மாற்றும் அட்டவணை. டெமிர்ஜியன் என்ற ஆய்வாளர் 1973இல் கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களின் வளர்ச்சியை எட்டு நிலைகளாகப் பிரித்து மதிப்பெண் கொடுத்தார். அவர் பார்த்தது கனடாவின் பிரெஞ்சு வம்சாவளிக் குழந்தைகளை. நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே போட்டால் பெரும்பாலும் வயது கூடுதலாகவே வரும். இந்தியர்களுக்கென்று திருத்திய சூத்திரம் இருக்கும்போது பழையதையே பிடித்துத் தொங்குவது சோம்பல். இன்னொன்று, ஏழு பல்லும் முழுதாக வளர்ந்து மதிப்பெண் 100 ஆனால் அட்டவணை 16 என்று காட்டும். அது அட்டவணையின் விளிம்பு, பையனின் வயது அல்ல. 25 வயதுக்காரருக்கும் 100தான் வரும்.

பெரியவர்களுக்கு வேர் உதவாது; வயது ஏற ஏறப் பல்கூழ் அறை (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் இடம்) சுருங்குவதை அளப்பார்கள். அதற்குச் சொத்தைப் பல்லையோ, வேர் சிகிச்சை செய்த பல்லையோ, பாக்கு மென்றே தேய்ந்த பல்லையோ எடுத்தால் கணக்கு கெடும்.

படிவத்தில் 'சொன்ன வயது' என்ற கட்டத்தை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பதும் கூடாது. கண் அந்த எண்ணைத் தேடத் தொடங்கிவிடும்.

இளையோர் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவு பள்ளிச் சான்றையோ மெட்ரிகுலேஷன் சான்றையோ முதலில் கேட்கச் சொல்கிறது. அது இல்லாதபோது உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அட்டை அந்த வரிசையில் இல்லை. ஊருக்கு ஒரு போன் போட்டால் பள்ளியிலிருந்து வந்துவிடும் காகிதத்துக்காகப் பையனை எக்ஸ்ரே முன் நிறுத்துகிறார்கள்.

அறிக்கையில் '17.6' என்று தசமத்தோடு எழுதுவது இன்னும் மோசம். எக்ஸ்ரே வைத்துச் சொல்லும் வயதில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என்று ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றமே 1982இல் சொல்லிவிட்டது. எந்தப் பல், எந்த முறை, எத்தனை முதல் எத்தனை வரை என்று எழுதிக் கொடுங்கள். 18 அந்த இடைவெளிக்குள் விழுந்தால் அதையும் எழுதுங்கள். முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழுவின் வேலை.