விழா டிவிடிகளைக் கைபேசியில் பார்க்க

மேலூரில் நடந்த எங்கள் வீட்டுக் காதணி விழாவின் டிவிடியில் கீறல்கள் விழத் தொடங்கியதால், அதைக் கைபேசிக்கு மாற்றினேன். வட்டிலுள்ள 'வீடியோ_டிஎஸ்' கோப்புறையை முழுமையாகக் கணினியில் நகலெடுத்து, 'ஹேண்ட்பிரேக்' என்னும் இலவச மென்பொருளில் திறந்து, எம்பி4 வடிவத்தையும் எச்.264 குறிமுறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் தவறவிடுவது அடுத்த படியைத்தான். நம் ஊர் விழாப் பதிவுகள் பெரும்பாலும் 720x576 அளவில், ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறிமாறிப் பதிவாகும் முறையில் இருப்பதால், தாய்மாமன் சீர்த்தட்டோடு நடந்து வரும்போது அவர் கையோரம் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரியும். 'ஃபில்டர்ஸ்' பகுதியில் 'டீஇன்டர்லேஸ்' வசதியை இயக்கினால் அவை மறைந்துவிடும். தர அளவை 20 என வைத்தால் கைபேசித் திரைக்குத் தாராளமாகப் போதும்; படத்தின் அளவைப் பெரிதாக்கினால் தெளிவு அதிகரிக்காது, கோப்புதான் பெரிதாகும்.